பைத்தானை மூலத்திலிருந்து கட்டுவது: கொழுந்துக் கூடை முதல் தூள் வரை

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் சனிக்கிழமைகளில் சில பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா பக்கத்தில் இருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். ஒருநாள் மழைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு தம்பி கேட்டான்: “சேர், பைத்தானை சோர்ஸ்ல இருந்து போட்டா ஸ்பீடா ஓடுமாமே?” பக்கத்தில் இருந்தவன் முந்திக்கொண்டான்: “சோர்ஸ்ல போடுறதுன்னா நாமளே எல்லாத்தையும் எழுதணும்டா.” கடைசி வாங்கில் இருந்த தங்கச்சி இவர்கள் இருவரையும் விட நல்ல கேள்வியாகக் கேட்டாள்: “பைத்தானுக்குக் கம்பைலே கிடையாதுன்னு சொல்றாங்களே, அப்புறம் எதைக் கம்பைல் பண்றது?”

இந்தக் குழப்பம் அந்த வகுப்போடு நிற்பதில்லை. கம்பைல், பில்ட், இன்ஸ்டால் மூன்றையும் ஒரே அர்த்தத்தில் புழங்கிப் பழகிவிட்டோம். அதனால் இடையில் வேலை நின்றுபோனால் எங்கே நின்றது என்று சொல்லத் தெரிவதில்லை. “எரர் வருது சேர்” என்பதோடு சரி. லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, மேக்ஓஎஸ் போன்ற யூனிக்ஸ் வழி வந்த கணினிகளில் பைத்தான் போன்ற ஒரு நிரல் மொழியை மூலத்திலிருந்து, அதாவது சோர்ஸில் இருந்து, கட்டும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். திரையில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

பேக்கட் தூளும் கொழுந்துக் கூடையும்

வீட்டில் தேத்தண்ணி ஊற்ற இரண்டு வழி உண்டு. கடையில் பேக்கட் தூள் வாங்கலாம். இல்லையென்றால் ஒரு கூடை பச்சைக் கொழுந்தை எடுத்துப்போய் வாட்டி, உருட்டி, நிறம் மாறவிட்டு, காயவைத்து, சலித்து, நாமே தூளாக்கலாம். இரண்டாவதை யாரும் செய்வதில்லை என்றாலும், நம் ஊரில் அது நடக்கும் கட்டடம் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு தோட்டத்திலும் தகரக் கூரையும் வரிசை வரிசையாய் ஜன்னலுமாக நிற்கிறது.

மென்பொருளிலும் அப்படித்தான். மூலநிரல் என்பது மனிதர் எழுதிய, மனிதர் வாசிக்கக்கூடிய எழுத்துக் கோப்புகள். இதுதான் பச்சைக் கொழுந்து. பைனரி என்பது ஒரு குறிப்பிட்ட வகைச் சிப் நேரடியாக ஓட்டக்கூடிய எண்களின் வரிசை. அது தூள். முதலாவதை இரண்டாவதாக மாற்றும் மென்பொருளுக்குத்தான் கம்பைலர் என்று பெயர். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் ஒரு கட்டளையில் வந்து இறங்குவது பேக்கட் தூள்: வேறு யாரோ, வேறு எங்கோ கட்டி, மூட்டை கட்டி வைத்தது. மூலத்திலிருந்து கட்டுகிறேன் என்று சொன்னால் கூடையை வாங்கிவந்து நம் வீட்டிலேயே தொழிற்சாலையை ஓட்டுகிறோம் என்று பொருள்.

இரண்டாவது தம்பிக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. செடி நட்டதும் கவ்வாத்து வெட்டியதும் கொழுந்து பறித்ததும் வேறு ஆட்கள். நாம் ஒரு வரி எழுத வேண்டியதில்லை.

தங்கச்சியின் கேள்வியை அவ்வளவு லேசாகக் கடந்துவிட முடியாது. நாம் எழுதும் பைத்தான் நிரலைச் சிப் நேரடியாக ஓட்டுவதில்லை. பைத்தான் என்ற இன்னொரு மென்பொருள் அதை வாசித்து, அது சொல்வதைச் செய்கிறது. இப்படி வாசித்துச் செய்யும் மென்பொருளை இன்டர்பிரட்டர் என்பார்கள். ஆனால் அந்த இன்டர்பிரட்டரும் ஒரு மென்பொருள்தானே? அது பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. சி மொழியைக் கம்பைல் செய்தே ஆகவேண்டும். ஆக நாம் கம்பைல் செய்வது நம் நிரலை இல்லை, நம் நிரலை வாசிக்கப்போகிறவரை. அவரோடு கூடவே வரும் நூலகங்கள், துணைக் கருவிகள் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு மொழியின் கருவித்தொகுதி. (நூலகம் என்றால் பல நிரல்கள் பொதுவாகக் கூப்பிட்டுப் பயன்படுத்த எழுதிவைத்த நிரல் தொகுப்பு.)

இதுவரை சொன்னதில் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் போதும்: சி மொழியில் உள்ள ஒரு பெரிய கூடையை, உங்கள் கணினியின் சிப்புக்கு ஏற்ற தூளாக மாற்றப்போகிறோம். அது மூன்று கட்டளைகளில் நடக்கும். மூன்றும் மூன்று தனி வேலை.

டீ மேக்கர் ஒரு சுற்று வருகிறார்: கான்ஃபிகர்

தோட்டத் தொழிற்சாலையில் டீ மேக்கர் என்று ஒருவர் இருப்பார். கொழுந்து லொறி வருமுன் அவர் ஒரு சுற்று வருவார். வாட்டும் தட்டுகளுக்குக் காற்று வருகிறதா, உருட்டும் இயந்திரத்தில் எது ஓடுகிறது, எது ரிப்பேர், அடுப்புக்கு விறகு இருக்கிறதா, இன்று மழை ஈரம் எவ்வளவு. இவற்றைப் பார்த்துத்தான் அன்றைய வேலைத்திட்டத்தைப் போடுவார். அந்த நேரத்தில் ஒரு கரண்டி தூளும் உருவாகியிருக்காது.

கான்ஃபிகர் என்ற முதல் கட்டளை செய்வது இதையேதான். யூனிக்ஸ் வழிக் கணினிகள் அண்ணன் தம்பி மாதிரி. முகச்சாயல் ஒன்று, குணம் வேறு. ஒன்றில் இருக்கும் வசதி மற்றதில் வேறு பெயரில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. கான்ஃபிகர் ஊகிப்பதில்லை. நாலைந்து வரியில் குட்டிக் குட்டி சி நிரல்களைத் தானே எழுதி, அவற்றைக் கம்பைல் செய்து பார்க்கிறது. கம்பைல் ஆனால் அந்த வசதி இருக்கிறது, ஆகாவிட்டால் இல்லை. திரையில் சரசரவென்று ஓடும் நூற்றுக்கணக்கான “இருக்கிறதா? ஆம்” வரிகள் அந்தச் சோதனைகள்தாம். இப்படிச் சோதிக்கும் கோப்பைத் தானாக உருவாக்கித் தரும் ஆட்டோகான்ஃப் என்ற கருவி 1991இல் வந்தது. அதற்குமுன் ஒவ்வொருவரும் கையால் திருத்தித் திண்டாடினார்கள்.

சோதனை முடிந்ததும் கான்ஃபிகர் ஒரு வேலைத்திட்டத்தை எழுதி வைக்கும். அதன் பெயர் மேக்ஃபைல். அத்தோடு அதன் கடமை முடிந்தது. “கான்ஃபிகர் ஓடிடுச்சு, ஆனா பைத்தான் வரலையே” என்று கேட்டவர்கள் உண்டு. வராது. டீ மேக்கர் சுற்றி வந்ததும் தேத்தண்ணி கிடைக்குமா?

கட்டி முடித்ததை எங்கே வைப்பது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். அதற்கான விருப்பத்துக்குப் பிரிஃபிக்ஸ் என்று பெயர். அதைப் பற்றிப் பிறகு.

ஆட்கள் இருக்கிறார்கள், செக்ரோல் இல்லை

மூலத்திலிருந்து கட்டப்போய்ச் சறுக்கியவர்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் சறுக்கியிருப்பார்கள் என்பது என் அனுபவம். நானும் சறுக்கினேன்.

முதன்முதலில் இரவல் வாங்கிய ஒரு லெப்டொப்பில் பைத்தானைக் கட்டினேன். எல்லாம் ஓடியது, எங்கும் நிற்கவில்லை. பைத்தான் எழும்பியது, கூட்டல் கழித்தல் செய்தது. அடுத்து பிப் கருவியால் இணையத்தில் இருந்து ஒரு பொதியை இறக்கப் பார்த்தேன். எஸ்எஸ்எல் மாட்யூல் இல்லை என்று கைவிரித்தது. எஸ்எஸ்எல் என்பது இணையத்தில் பாதுகாப்பாகப் பேசுவதற்கான ஏற்பாடு. அதற்கான ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம் அந்த லெப்டொப்பில் இருந்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். இந்த நூலகமே இல்லாமல் இந்த உபுண்டு எப்படி ஓடும் என்று ஒரு இரவு முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன்.

விடை, காலையில் வேலை பிரிக்கும் நம் பிரட்டுக்களத்தில் தினமும் பார்க்கிற விஷயம். மலையில் வேலைக்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் யார் யார், யாருக்கு என்ன வேலை என்ற செக்ரோல் கையில் இல்லாமல் கணக்கப்பிள்ளையால் வேலையைப் பிரிக்க முடியாது. நூலகம் என்பது ஆட்கள். அதிலுள்ள வேலைகளின் பெயர்ப்பட்டியல் ஹெடர் கோப்பு. ஏற்கெனவே கட்டி முடித்த மென்பொருள் ஓடுவதற்கு ஆட்கள் இருந்தால் போதும். புதிதாக ஒன்றைக் கட்டுவதற்குத்தான் செக்ரோல் தேவை. உபுண்டு, டெபியன் போன்றவை இடத்தை மிச்சப்படுத்த ஆட்களை மட்டும் தந்துவிட்டு, செக்ரோலைத் தனிப் பொதியாக வைத்திருக்கின்றன. பெயரின் கடைசியில் ‘டெவ்’ என்று முடியும் பொதிகள் அவைதாம். ஃபெடோராவில் ‘டெவல்’ என்று முடியும்.

எனக்குத் தேவைப்பட்டது லிப்எஸ்எஸ்எல்-டெவ் என்ற ஒரே ஒரு பொதி. அதை இறக்கி, கான்ஃபிகரில் இருந்து மறுபடி தொடங்கினேன், சரியாகிவிட்டது. இதில் என்னைக் கடுப்பேற்றியது வேறொன்று. பைத்தான் இந்தக் குறையை என்னிடம் சொல்லத்தான் செய்திருக்கிறது. கட்டி முடிக்கும்போது இன்னின்ன விருப்ப மாட்யூல்களுக்குத் தேவையானவை கிடைக்கவில்லை என்று ஒரு பட்டியல் போடும். அது விருப்பப் பகுதி என்பதால் பிழை என்று நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். நானோ “முடிந்தது” என்று பார்த்த சந்தோஷத்தில் மேலே நாலு வரி வாசிக்கவில்லை.

சுருக்கமாக: “இல்லை” என்று கணினி சொன்னால் நூலகம் இல்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். முதலில் டெவ் பொதியைத் தேடுங்கள்.

தொழிற்சாலை ஓடுகிறது: மேக்

இரண்டாவது கட்டளை மேக். உண்மையான உற்பத்தி இதில்தான். ஒவ்வொரு சி கோப்பும் தனித்தனியாகக் கம்பைல் ஆகி ஒரு துண்டு பைனரியாகும். அதற்கு ஆப்ஜெக்ட் கோப்பு என்று பெயர். கடைசியில் லிங்கர் என்ற கருவி எல்லாத் துண்டுகளையும் கோத்து ஒரே மென்பொருளாக்கும்.

மேக் ஒரு கம்பைலர் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குக் கம்பைல் செய்யவே தெரியாது. அது ஒரு கங்காணி. எதற்குமுன் எது முடிய வேண்டும், எதை இப்போது செய்யத் தேவையில்லை என்று பார்த்து, வேலைக்காரர்களை ஏவுவதுதான் அதன் தொழில். பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் இதை எழுதினார். அதற்குக் காரணமே ஒரு வீண் காலைப்பொழுதுதான். அவருடைய சகா ஒருவர் ஏற்கெனவே திருத்திவிட்ட பிழையைக் காலை முழுக்கத் தேடியிருக்கிறார். கோப்பைத் திருத்தியவர் மறுபடி கம்பைல் செய்ய மறந்திருந்தார்.

அதனால் மேக் ஒரே ஒரு விஷயத்தைப் பார்க்கும்: கோப்பின் நேரம். மூலக் கோப்பு, அதிலிருந்து வந்த ஆப்ஜெக்ட் கோப்பை விடப் புதியதா? புதியது என்றால் மறுபடி கட்டு. இல்லையென்றால் தொடாதே. காலைக் கொழுந்து தூளாகிவிட்டது என்றால், மாலைக் கொழுந்தை மட்டும் வாட்டினால் போதும் அல்லவா?

மலைநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த நேரக் கணக்கு நல்லதும் செய்யும், கெட்டதும் செய்யும். ஜூன், ஜூலையில் காற்றோடு மழை பிடித்தால் எங்கோ ஒரு மரம் கம்பியில் விழும், கரண்ட் போகும். பழைய லெப்டொப் பேட்டரி ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. கரண்ட் வந்தபின் மேக் என்று மறுபடி அடித்தால் விட்ட இடத்தில் இருந்து தொடரும். முதலில் இருந்து தொடங்க வேண்டியதில்லை. இது நல்லது.

கெட்டது இரண்டு. கரண்ட் போன அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஆப்ஜெக்ட் கோப்பு பாதியில் நின்றிருக்கலாம், வெறும் கோப்பாகவும் கிடக்கலாம். ஆனால் அதன் நேரம் மூலக் கோப்பை விடப் புதியது. மேக் உள்ளே திறந்து பார்க்காது, “இது முடிந்த வேலை” என்று கடந்துபோகும். கடைசியில் லிங்கர்தான் கத்தும். அப்போது மேக் க்ளீன் என்று சொல்லி எல்லாத் துண்டுகளையும் அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே வழி.

மற்றது பழைய கணினிகளுக்கே உரிய வியாதி. உள்ளே கடிகாரத்தைக் காப்பாற்றும் சின்ன பேட்டரி செத்திருந்தால், அணைத்துப் போடும்போது திகதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். இன்று இறக்கிய மூலக் கோப்புகள் அந்தக் கணினிக்கு எதிர்காலத்தில் எழுதப்பட்டவை! மேக் குழம்பி, கடிகாரம் பிசகுகிறது, கட்டுமானம் முழுமையாக இல்லாமல் போகலாம் என்று எச்சரிக்கும். முதலில் திகதியைச் சரிசெய்யுங்கள். பத்து ரூபாய்க்குப் பெறாத காரணம், பாதி நாளைத் தின்றுவிடும்.

மேக்கிடம் ஜே என்ற விருப்பத்தோடு ஓர் எண்ணைக் கொடுத்தால் அத்தனை வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும். நாலு உருட்டும் இயந்திரம் இருந்தால் நாலையும் ஓட்டுவது போல. ஆனால் காயவைக்கும் அடுப்பு ஒன்றுதான் என்றால் உருட்டிய கொழுந்து குவிந்து வீணாகும். இங்கே அந்த அடுப்பு ரேம், அதாவது கணினியின் தற்காலிக நினைவகம். ஒவ்வொரு கம்பைலரும் தனியாக ரேம் கேட்கும். சிறிய கணினியில் பெரிய எண்ணைக் கொடுத்தால் இயங்குதளமே சில வேலைகளைக் கொன்றுவிடும். இன்னொன்று: நாலு வேலை ஒன்றாக ஓடும்போது நாலின் செய்திகளும் கலந்து வரும், உண்மையான பிழை எங்கோ மேலே புதைந்திருக்கும். எரர் வந்தால் ஜே இல்லாமல் ஒருமுறை ஓட்டி, வருகிற முதல் பிழையை வாசியுங்கள். கடைசி வரியைப் படம் பிடித்து அனுப்புவதால் ஒரு பயனும் இல்லை. கடைசி வரி “வேலை கெட்டது” என்று மட்டுமே சொல்லும்.

அலுமாரியில் அடுக்குவது: மேக் இன்ஸ்டால்

தூள் தயார், இன்னும் தொழிற்சாலைத் தரையில் கிடக்கிறது. மேக் இன்ஸ்டால் அதை எடுத்து உரிய ஃபோல்டர்களில் வைக்கிறது. இன்ஸ்டால் என்பது ஏறக்குறைய வெறும் பிரதி எடுக்கும் வேலைதான்.

எங்கே வைக்கும்? பிரிஃபிக்ஸில் சொன்ன இடத்தில். ஒன்றும் சொல்லாவிட்டால் வழக்கமாக யூஎஸ்ஆர் ஃபோல்டருக்குள் லோக்கல் என்ற ஃபோல்டரில். அங்கே எழுத நிர்வாகி அதிகாரம் வேண்டும். உங்கள் சொந்த ஃபோல்டரைப் பிரிஃபிக்ஸாகக் கொடுத்தால் யார் அனுமதியும் வேண்டாம், பிடிக்காவிட்டால் அந்த ஃபோல்டரை அழித்தால் தீர்ந்தது. பொதுக் கணினியில் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

கணினியோடு வந்த பைத்தானை மட்டும் மிதித்துவிடாதீர்கள். உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பல அதை நம்பி ஓடுகின்றன. பெயரைச் சொன்னதும் எந்தெந்த ஃபோல்டரில் எந்த வரிசையில் தேடுவது என்று கணினியிடம் ஒரு பட்டியல் இருக்கிறது, அதன் பெயர் பாத். ஒரே பெயரில் இருவர் இருந்தால் வரிசையில் முதலில் நிற்பவர் பதில் சொல்வார். லோக்கல் ஃபோல்டர் பொதுவாக முன்னால் நிற்கும். அதனால் பைத்தானில் மேக் இன்ஸ்டாலுக்குப் பதில் மேக் ஆல்ட்இன்ஸ்டால் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அது பதிப்பு எண்ணோடு கூடிய பெயரில் மட்டும் வைக்கும். பழையவர் பழைய பெயரிலேயே இருப்பார், மோதல் இல்லை.

உறை எங்கிருந்து வந்தது?

பைத்தானைக் கட்ட சி கம்பைலர் வேண்டும். சி கம்பைலரைக் கட்ட? அதற்கும் ஒரு கம்பைலர் வேண்டும். இதைச் சொன்னதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் வீட்டில் தினமும் நடப்பதுதான். பால் இருந்தாலும் உறை இல்லாமல் தயிர் ஆகாது. உறை தீர்ந்துபோன நாட்களில் அம்மா என்னை அடுத்த லயத்துக்கு ஒரு கிண்ணத்தோடு அனுப்புவார். தயிருக்குத் தயிர் வேண்டும். இப்படி இருக்கிற ஒன்றைக் கொண்டு தன்னைத் தானே கட்டிக்கொள்வதை பூட்ஸ்ட்ராப் என்கிறார்கள்.

ஜிசிசி என்ற கம்பைலர் இதை மூன்று சுற்றில் செய்கிறது. முதல் சுற்றில், ஏற்கெனவே கணினியில் உள்ள ஏதோ ஒரு கம்பைலர் புதிய ஜிசிசியைக் கட்டும். அதில் பழைய கம்பைலரின் கைவாகு ஒட்டியிருக்கும். இரண்டாவது சுற்றில் அந்தப் புதியது, அதே மூலநிரலை மறுபடி கட்டும். மூன்றாவதில், இரண்டாவதாக வந்தது இன்னொரு தடவை கட்டும். இரண்டும் மூன்றும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் கைகளில் இருந்து வந்தவை. ஆகவே ஒரு பைட் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். ஒத்துப் போகாவிட்டால் எங்கோ கம்பைலர் தப்பாகக் கட்டப்பட்டிருக்கிறது. கோ மொழியும் 2015இல் வந்த 1.5 பதிப்பில் இருந்து தன் கம்பைலரைத் தன் மொழியிலேயே வைத்திருக்கிறது. அதைக் கட்ட ஒரு பழைய கோ வேண்டும்.

முதல் உறை? இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டமான லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டபோது இயந்திரம் ஏது? பங்களா வராந்தாவில் மேசைமேல் வைத்துக் கையால் உருட்டி, கரி அடுப்பில் காயவைத்தார்கள். தொழிற்சாலை 1872இல்தான் வந்தது. யூனிக்ஸ் கதையும் அதேதான். 1969இல் கென் தாம்சன் அந்த இயங்குதளத்தைச் சிப்புக்கு நெருக்கமான அசெம்பிளி மொழியில் கையால் எழுதினார். அதன்மேல் பி என்ற மொழி வந்தது, அதிலிருந்து டெனிஸ் ரிச்சி சி மொழியை வளர்த்தார். 1973இல் யூனிக்ஸே சி மொழியில் திருப்பி எழுதப்பட்டது. அதே தாம்சன் 1984இல் வெளியான ஓர் உரையில், கம்பைலரின் பைனரிக்குள் ஒளித்து வைத்த தில்லுமுல்லு, மூலநிரலில் தடயமே இல்லாமல் அடுத்தடுத்த கம்பைலர்களுக்குத் தொற்ற முடியும் என்று காட்டினார். உறை புளித்திருந்தால் தயிரும் புளிக்கும். பால் நல்ல பால்தான்.

ஸ்பீடா ஓடுமா?

முதல் தம்பியின் கேள்வி பாக்கி இருக்கிறது. பொதுவாக ஓடாது. உபுண்டுவும் டெபியனும் தங்கள் பைத்தானைக் கவனமாகச் சீர்படுத்தித்தான் கட்டித் தருகிறார்கள். நாம் வெறுமனே கான்ஃபிகர், மேக் என்று அடித்தால் அந்தச் சீர்படுத்தல் நடக்காது, நம்முடையது மெதுவாகத்தான் ஓடும். கான்ஃபிகரில் எனேபிள்-ஆப்டிமைசேஷன்ஸ் என்ற விருப்பத்தைக் கொடுத்தால், முதலில் ஒருமுறை கட்டி, ஓட்டிப் பார்த்து, எந்தப் பகுதி அடிக்கடி ஓடுகிறது என்று குறித்துக்கொண்டு மறுபடி கட்டும். கட்டும் நேரம் நன்றாகக் கூடும். வேகத்துக்காகக் கட்டாதீர்கள். உங்கள் உபுண்டுவில் இல்லாத புதிய பதிப்பு வேண்டும், நிர்வாகி அதிகாரம் இல்லாத கணினி, அல்லது உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசை: இவை நியாயமான காரணங்கள்.

பழகுவதற்குப் பைத்தானில் தொடங்காமல் லுவாவில் தொடங்குங்கள் என்பேன். பிரேசிலின் ரியோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் 1993இல் பிறந்த சின்ன மொழி. மூலப்பொதி அரை மெகாபைட்டுக்கும் குறைவு, டேட்டாவைத் தின்னாது. சாதாரண சி மொழியில் எழுதியது, வெளி நூலகங்களை அவ்வளவாகக் கேட்காது, அதனால் கான்ஃபிகரே கிடையாது. பொதியை அவிழ்த்து, உள்ளே போய், மேக் ஆல் டெஸ்ட் என்று அடித்தால், பழைய கணினியிலும் ஒரு நிமிடத்துக்குள் கட்டி முடித்துத் தன் பதிப்பு எண்ணைச் சொல்லும். அப்புறம் ஏதாவது ஒரு சி கோப்பைத் திறந்து ஓர் இடைவெளியைச் சேர்த்துச் சேமித்துவிட்டு மறுபடி மேக் அடியுங்கள். எத்தனை கோப்பு கம்பைல் ஆகிறது, எத்தனையைத் தொடாமல் விடுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.